மொரீஷியஸ்ல அஞ்சு நாள்: எதைப் பாக்கலாம், எதை விட்டுடலாம்

மொரீஷியஸ் போயிட்டு வந்தோம்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது பீச் எப்படின்னுதான். பீச் சூப்பர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எங்களுக்குத் தலைவலி குடுத்தது மத்த இடங்கதான். கையில அஞ்சு நாள், கூட முழங்கால் வலியோட அம்மா, எரிமலைன்னா நெருப்பு கக்கும்னு நம்பி வந்த பத்து வயசுப் பையன், எல்லாத்தையும் பாத்துடணும்னு நிக்கிற வீட்டுக்காரர். ஹோட்டல்ல சவுத் டூர், நார்த் டூர்னு ரெண்டு பேக்கேஜ் வச்சிருக்காங்க, ஒரு நாளைக்கு ஏழெட்டு ஸ்டாப், ஒவ்வொண்ணுலயும் இருபது நிமிஷம், போட்டோ எடு, வண்டியில ஏறு. முதல் நாள் அப்படித்தான் போனோம், சாயங்காலம் யோசிச்சா எந்த அருவி எந்த இடத்துலன்னே ஞாபகம் இல்ல. அடுத்த நாள்லேர்ந்து தனியா டாக்சி பேசிக்கிட்டோம். அதனால இது ரெண்டையும் பாத்தவ எழுதுற கணக்கு.

முதல்ல பையனோட ஏமாற்றத்தைச் சொல்லிடறேன். இது எரிமலைத் தீவுதான், கடலுக்கு அடியிலேர்ந்து லாவா கொட்டிக் கொட்டி சுமார் 80 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மேல வந்த நிலம், ஆனா இப்போ எதுவும் பொங்கல. பொங்குற எரிமலை வேணும்னா பக்கத்துல ரீயூனியன் தீவுக்குத்தான் போகணும், அது பிரான்ஸைச் சேர்ந்தது. இங்க இருக்குறது அணைஞ்ச அடுப்பு. ஆனா அணைஞ்ச அடுப்புலயும் பாக்க நிறைய இருக்கு.

கலர் மண்ணு: ஏழா, இருபத்து மூணா?

ஷாமரேல்ங்கிற ஊர்ல இருக்குற ஏழு கலர் மண்ணு எல்லா டூர்லயும் உண்டு. எரிமலைப் பாறை மழையிலயும் வெயில்லயும் மக்கி மக்கிக் களிமண்ணாகி, அதுல இரும்பு நிறைய இருக்குற இடம் சிவப்பாவும் பழுப்பாவும், அலுமினியம் கூடுன இடம் நீலம் ஊதாவாவும் தெரியுது, அவ்வளவுதான் விஷயம். மேடு பள்ளமா, யாரோ துணி காயப்போட்ட மாதிரி. உள்ள கால் வைக்க முடியாது, சுத்தி மரத்தடுப்பு, அதுக்கு வெளிய நின்னு பாக்கலாம். உண்மையைச் சொன்னா நாங்க போனப்ப மேகமா இருந்துச்சு, எனக்கு மூணு கலர்தான் தெரிஞ்சது, பையன் நாலுன்னு சண்டை போட்டான். ஒரு அஞ்சு நிமிஷம் மேகம் விலகி வெயில் அடிச்சுது பாருங்க, அப்போ அந்த ஊதா எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல, டக்குன்னு எழுந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அதனால வெயில் இருந்தா மட்டும் போங்க. டிக்கெட் வாங்கி உள்ள போற வழியிலேயே அருவி வந்துடும், 80 மீட்டருக்கு மேல ஒரே வீழ்ச்சி, என்னைக் கேட்டா மண்ணை விட அருவிதான் காசுக்குத் தகும். பெரிய ஆமைங்களும் இருக்கு.

இதுக்குப் போட்டியா தெற்கால இன்னொரு பார்க், அங்க 23 கலர்னு போர்டு. எண்ணிப் பாக்குற ஆளுங்க பாக்கலாம். மண்ணு அதே மண்ணுதான், ஆனா அங்க ஜிப்லைன், தொங்கு பாலம், நாலு சக்கர பைக்னு விளையாட்டு அதிகம். காலேஜ் பசங்க கேங்கா போனா அது, அம்மா அப்பாவோட போனா ஷாமரேல். ரெண்டையும் பாக்குறது வேஸ்ட்.

கடையில சின்னக் கண்ணாடிக் குழாய்ல ஏழு கலர் மண்ணை அடுக்கி வச்சு விக்கிறாங்க, வீட்டுக்காரர் மூணு வாங்கினார். ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தா ஒண்ணு உடைஞ்சு என் பட்டுப்புடவை மேல ஏழு கலரும் ஒரே கலரா கெடந்துச்சு.

ரெண்டு பள்ளம்: ட்ரூ ஓ செர்ஃப், கங்கா தலாவ்

ரெண்டுமே பழைய எரிமலை வாய். ட்ரூ ஓ செர்ஃப் க்யூர்பீப் ஊருக்கு மேல இருக்கு, சுத்தி ரோடு, நடுவுல 300 மீட்டருக்கு மேல அகலமான கிண்ணம், உள்ள ஃபுல்லா மரம், அடியில கொஞ்சம் தண்ணி. லோக்கல் ஆளுங்க அதைச் சுத்தி வாக்கிங் போறாங்க, எரிமலை வாயைச் சுத்தி நம்ம ஊர் பார்க்ல நடக்குற மாதிரி டிராக் பேண்ட்ல நடக்குறதைப் பாக்கவே ஒரு மாதிரி காமெடியா இருக்கு. க்யூர்பீப்ல மழை எப்போ வரும்னு சொல்லவே முடியாது, கடற்கரையில கொளுத்துதுன்னு குடை எடுக்காம போனோம், நல்லா நனைஞ்சோம். பத்து நிமிஷம் போதும், டிக்கெட் கிடையாது.

கங்கா தலாவ் அப்படி இல்ல. இதுவும் எரிமலை வாய்ல தேங்குன ஏரி, கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 550 மீட்டர் உயரம். 1972ல கங்கைத் தண்ணியைக் கொண்டு வந்து இதுல ஊத்துனாங்க, அதுலேர்ந்து இந்தப் பேர். வாசல்லயே 108 அடி சிவன் நிக்கிறார், எதிர்ல அதே உயரத்துக்கு துர்க்கை. சிவராத்திரிக்கு நாட்டோட நாலா பக்கத்துலேர்ந்தும் ஜனங்க வெள்ளை உடுத்திக்கிட்டு அலங்காரம் பண்ணுன காவடியைத் தூக்கிட்டு நடந்தே வருவாங்க. மத்த நாள்ல அமைதி. சிலை பெருசா இருக்குறதுனால எல்லாரும் அங்கேயே செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடறாங்க, அதைத் தாண்டிப் படித்துறைக்கு இறங்குங்க. தண்ணிக்குள்ள விலாங்கு மீன் கை மொத்தத்துல நெளிஞ்சு நெளிஞ்சு படி வரைக்கும் வருது. அம்மா சாமிக்குன்னு வாங்குன வாழைப்பழத்தை ஒரு குரங்கு பையோட பிடுங்கிட்டுப் போய் கோயில் சுவத்து மேல உக்காந்து உரிச்சுத் தின்னுச்சு. "பரவால்ல விடும்மா, அனுமார் சாப்பிட்டதா நெனச்சுக்கோ"ன்னேன். "அனுமார்னா பையைத் திருப்பிக் குடுத்திருப்பாரு, அதுல என் கண்ணாடி இருக்குடி"ன்னாங்க. கண்ணாடி கெடச்சிடுச்சு, அது தனிக் கதை.

ஒண்ணே ஒண்ணு பாக்க டைம் இருந்தா கங்கா தலாவ். யோசிக்கவே வேண்டாம்.

மலை ஏறணுமா: லெ மோர்ன், லெ பூஸ்

தென்மேற்கு மூலையில கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு ஒத்தைப் பாறையா நிக்குறது லெ மோர்ன், 556 மீட்டர். அடிமைங்க தோட்டத்துலேர்ந்து தப்பிச்சு ஓடி இந்த மலைக் குகைங்கள்லதான் ஒளிஞ்சு வாழ்ந்தாங்க. 1835 பிப்ரவரி 1ல அடிமை முறை ஒழிஞ்சுது, அந்தச் சேதியைச் சொல்ல ஆளுங்க மலைக்கு வந்தப்போ, பிடிக்கத்தான் வர்றாங்கன்னு நெனச்சு மேல இருந்தவங்க கீழ குதிச்சுட்டாங்கன்னு ஊர்ல கதையா சொல்றாங்க. விடுதலை ஆனது தெரியாமலே. 2008லேர்ந்து இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். கீழ பீச்ல ஸ்பீட்போட், மேல இந்தக் கதை. எங்க டாக்சிக்காரர் (பேர் தமிழ்ப் பேர், பேசுறது அந்த ஊர் மொழியான க்ரியோல், தமிழ்ல தெரிஞ்சது வணக்கமும் நன்றியும் மட்டும்) மத்த இடத்துல எல்லாம் கடகடன்னு பேசிட்டு வந்தவர் இங்க வண்டியை நிறுத்திட்டு சும்மா நின்னார்.

நானும் வீட்டுக்காரரும் காலையில ஏறினோம், அம்மாவும் பையனும் கீழ பீச்ல. முதல் பாதி அகலமான மண் ரோடு, யார் வேணும்னாலும் போலாம், அந்த வியூ பாயிண்ட்லயே கடலோட நாலு விதமான நீலம் தெரியும். அதுக்கு மேல கையும் காலுமா பாறையைப் புடிச்சு ஏறணும், நான் பாதியில உக்காந்துட்டேன், அவர் மட்டும் சிலுவை நட்டு வச்சிருக்குற இடம் வரைக்கும் போயிட்டு முட்டி ரெண்டும் சிராய்ச்சுக்கிட்டு வந்தார். ஏறி இறங்க மூணு நாலு மணி நேரம். மழை பெய்ஞ்சிருந்தா மேல் பாதி வேண்டவே வேண்டாம்.

லெ பூஸ் 812 மீட்டர், உயரம் கூட, ஆனா ஏறுறது ஈசி. கரும்புத் தோட்டத்துக்குள்ள ஆரம்பிச்சு காட்டுப் பாதை, கடைசியில மட்டும் செங்குத்து. பேருக்கு அர்த்தம் கட்டைவிரல், தூரத்துலேர்ந்து பாத்தா அப்படியே கட்டைவிரல்தான். 1836ல டார்வின் கப்பல் இங்க நின்னப்போ அவரும் இதுல ஏறியிருக்கார். மேல நின்னா ஒரு பக்கம் தலைநகர் போர்ட் லூயிஸோட துறைமுகம், இன்னொரு பக்கம் தீவோட நடுப்பகுதி மொத்தமும். காட்சிக்கு லெ பூஸ், மனசுக்கு லெ மோர்ன். ஏற முடியாதவங்க கூட லெ மோர்னைக் கீழேர்ந்து பாத்துட்டு வரலாம், லெ பூஸை ஏறாம பாத்தா ஒண்ணும் இல்ல, அதான் வித்தியாசம்.

அப்புறம் இன்ஸ்டாவுல கடலுக்குள்ள அருவி விழுற மாதிரி போட்டோ பாத்திருப்பீங்களே, அது லெ மோர்ன் பக்கத்துலதான், ஆனா அருவியெல்லாம் இல்ல, மணல் ஆழத்துக்குச் சரியிறது மேலேர்ந்து பாக்க அப்படித் தெரியுது. ஹெலிகாப்டர்ல போனாத்தான் தெரியும். எங்க பட்ஜெட் அங்க வரைக்கும் பறக்கல.

போர்ட் லூயிஸ்: தபால் தலையா, படிக்கட்டா

நார்த் டூர்ல ப்ளூ பென்னி மியூசியம் உண்டு. 1847ல அச்சடிச்ச ரெண்டு தபால் தலை, உலகத்துல ரொம்ப அரிது. ஆனா வெளிச்சம் பட்டா நிறம் போயிடும்னு ஒரிஜினலுக்கு மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம்தான் லைட் போடுவாங்க, மத்த நேரம் நகல்தான். டூர்ல போனவங்க பாதிப் பேர் நகலைப் பாத்துட்டு வந்துடறாங்க, நேரம் கேட்டுட்டு உள்ள போங்க.

அங்கேர்ந்து நடந்து போற தூரத்துல ஆப்ரவாசி காட், கூலி வேலைக்கு வந்தவங்க கப்பல்லேர்ந்து இறங்குன பழைய இடம். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், கருங்கல் சுவர், கொஞ்சம் படிக்கட்டு, பழைய சமையல்கட்டு. 1834லேர்ந்து ஒப்பந்தக் கூலியா கூட்டிட்டு வந்த சுமார் நாலரை லட்சம் பேர்ல பெரும்பாலானவங்க இந்தப் படியிலதான் ஏறுனாங்க, கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்து. ஆளுக்கு ஒரு நம்பர். கொஞ்ச காலம் கழிச்சு போட்டோவும் எடுத்து வச்சிருக்காங்க, அந்தப் பதிவேடு எல்லாம் மோகாங்கிற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல பத்திரமா இருக்கு, இன்னைக்கும் பேரப்பிள்ளைங்க போய்த் தாத்தா எந்த ஊர்லேர்ந்து வந்தார்னு தேடுறாங்க. தமிழாளுங்க அதுக்கும் முன்னாடியே, பிரெஞ்சுக்காரன் காலத்துலயே, புதுச்சேரியிலேர்ந்து கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் வந்துட்டாங்க. அம்மா அந்தப் படியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க, முழங்கால் வலின்னு சொன்னாங்க. டிக்கெட் கிடையாது, ஞாயித்துக்கிழமை மூடிடுவாங்க. டூர் வண்டி இங்க நிக்கவே இல்ல, அதுலதான் எனக்குக் கோபம்.

இந்த ஊர்ப் பணத்தைக் கொஞ்சம் பாருங்க, நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. நூறு ரூபா நோட்டுல இருக்குறவர் ரங்கநாதன் சீனிவாசன், அங்க அரசியல்ல இருந்தவர். பேரை அவங்க பிரெஞ்சு வழக்கத்துல எழுதுறதுனால படிச்சா நமக்கே உடனே புரியாது. 1998ல புது நோட்டுல தமிழைக் கீழ தள்ளி ஹிந்தியை மேல போட்டாங்கன்னு பெரிய பிரச்சனையாகி அந்த நோட்டையே திரும்ப வாங்கியிருக்காங்க. நாங்க இதை மார்க்கெட்ல பருப்பு வடை வாங்குறப்போதான் கவனிச்சோம். அங்க அதுக்குப் பேர் கத்தோ பிமான், சின்னதா உருண்டையா இருக்கும், பன்னுக்குள்ள வச்சுக் குடுக்குறாங்க. அம்மா ஒண்ணைக் கடிச்சுட்டு "சோம்பு போட மறந்துட்டான்"னாங்க.

மீதி, சுருக்கமா

அம்மாக்களுக்கு பாம்ப்லமூஸ் தோட்டம், காடு வேணும்னா பிளாக் ரிவர் தேசியப் பூங்கா. தோட்டத்துல பரோட்டா தட்டு மாதிரி ஓரம் மடிஞ்ச பெரிய அல்லி இலை, எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க, நீங்க தாளிப்பனையைத் தேடுங்க, வாழ்நாள்ல ஒரே தடவை பூத்துட்டுப் பட்டுப் போயிடும். காட்டுல மொரீஷியஸ் வல்லூறு இருக்கு, 1974ல மொத்தமே நாலு பறவைதான் மிச்சம்னு இருந்ததைக் காப்பாத்திக் கொண்டு வந்திருக்காங்க. எங்களுக்குத் தெரிஞ்சது புறாதான், அதுவும் சாதாரணப் புறா.

பீச்ல இல் ஓ செர்ஃப் ஒரே கூட்டம், பாராசெயிலிங் ஆளுங்க விடமாட்டாங்க. ப்ளூ பேல கண்ணாடி போட்ட படகுல பவளப்பாறை பாக்குறதுக்கு என் ஓட்டு. க்ரி க்ரில அலையைத் தடுக்கப் பவளத்திட்டு இல்லாததுனால கடல் நேரா வந்து பாறையில அறையும், குளிக்கக் கூடாது, சும்மா நின்னு பாக்கலாம்.

சேகாங்கிற இந்த ஊர் டான்ஸை ஹோட்டல்லயும் போடுறாங்க, பொது பீச்ல ஞாயித்துக்கிழமை குடும்பமா வந்து அவங்களே ஆடுறதும் உண்டு. ரெண்டாவதுதான் டான்ஸ். ராவான்னு ஒரு ஆட்டுத்தோல் மேளம், அடிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டிச் சூடு ஏத்துறாங்க, நம்ம பறை மாதிரியே.

கோயில்: கைலாசமா, மலைக்கோயிலா

போர்ட் லூயிஸ்ல சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில், கைலாசம்னு சொன்னா டாக்சிக்குத் தெரியும், பழசு, கோபுரம் நம்ம ஊரேதான். இன்னொண்ணு, காத்ர் போர்ன்ங்கிற ஊர்ல கோர் தெ கார்ட் மலைச் சரிவுல முருகன் கோயில். முழங்கால் பத்தி யோசிச்சா கைலாசம்தான் சரி, ஆனா அம்மா முருகன்னு கேட்டதும் வலியை எல்லாம் மறந்துட்டு படி ஏறிட்டாங்க, நான்தான் மூச்சு வாங்குனேன். மேல நின்னா கருங்கல் மலை முதுகு, கீழ கரும்பு, தூரத்துல கடல். தைப்பூசத்துக்கு நாடு முழுக்க அரசு விடுமுறையாம், அலகு குத்திக்கிட்டு காவடியோட இந்தப் படியில ஏறுவாங்களாம். டாக்சிக்காரர் போன்ல அவர் பையன் காவடி எடுத்த வீடியோவைக் காட்டினார், முழுக் கூட்டமும் வேல் வேல்னு கத்துது, நடுநடுவுல க்ரியோல்.

அந்த நேரம் புயல் சீசன், ஜனவரி பிப்ரவரில ஃபிளைட் கேன்சல் ஆனாலும் ஆகலாம், மழையில சுத்த முடியாம ரூம்ல கெடக்கவும் வாய்ப்பு இருக்குன்னு வீட்டுக்காரர் கணக்கு சொன்னார். அம்மா கேக்குற மாதிரி இல்ல. அடுத்த தடவை பீச் ஹோட்டல் வேண்டாமாம், கோயிலுக்கு நடந்து போற தூரத்துல ரூம் போடணுமாம், தேதியைக் காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டாச்சு.