பழைய ஆங்கிள் மீன்தொட்டிக்கு சீல் போடும் கடை, பாளையங்கோட்டை

தாத்தா காலத்து, இரும்பு ஆங்கிள் சட்டத்தில் கண்ணாடி பதித்த மீன்தொட்டி ஒன்று மச்சில் காய்ந்து கிடந்தது, தண்ணீர் ஊற்றினால் நாலு மூலையிலும் ஒழுகும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கேட்ட இடத்திலெல்லாம் புதுசு வாங்கிக்கோங்க என்றார்கள். பாளையங்கோட்டை கடை அண்ணாச்சிதான் "தூக்கிப் போட்றாதீய, மக்குதான் செத்துப்போச்சு, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்தக் காலத் தொட்டிகளில் கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருப்பது மக்கு என்கிற புட்டிப் பசைதான். தண்ணீர் இருக்கும்வரை அந்த அழுத்தத்தில் கண்ணாடி அதில் அமுங்கி நிற்கும், வருஷக்கணக்கில் காயப்போட்டால் மக்கு இறுகி வெடித்துவிடும்.

வேலை சுத்தம். உள்மூலைகளை பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, வெளிச்சட்டத்தில் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, அப்புறம்தான் சிலிக்கான் பசை. அதுவும் பாத்ரூமுக்குப் போடுகிற, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த டியூப் இல்லை, அது மீனுக்கு ஆகாது. மருந்து கலக்காத கண்ணாடி சிலிக்கான், காயும்போது வினிகர் வாடை அடிக்கும், வாடை முழுக்கப் போனபிறகே தண்ணீர். அடியில் பேப்பர் விரித்து நிரப்பிக் காட்டினார், ஒரு பொட்டு ஈரம் இல்லை.

குறை என்றால், சொன்ன தேதிக்குக் கிடைக்காது, ஒரு மூலையில் சிலிக்கான் திட்டுத்திட்டாக நிற்கிறது. கூலியும் புதுத் தொட்டி விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், சும்மா மீன் வளர்க்கத்தான் என்றால் புதுசே வாங்கலாம். மதியம் கடை சாத்தியிருக்கும், சாயங்காலமாகப் போங்கள்.