இடிபாட்டில் நசுங்கியவரின் சிறுநீரகம்: எந்தச் சோதனை முந்திச் சொல்லும்?

1999 ஆகஸ்டில் துருக்கியின் மர்மரா பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் 639 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு பதிவானது. 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இவர்களில் பலர் இடிபாட்டிலிருந்து பேசிக்கொண்டே வெளியே வந்திருப்பார்கள். கால் மீதிருந்த கான்கிரீட்டைத் தூக்கியதும் ரத்தம் மீண்டும் பாய்கிறது. நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் பொட்டாசியமும் உடலெங்கும் பரவுகின்றன. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைப்பது மயோகுளோபின்.

மருத்துவமனைகளில் முதலில் கேட்கப்படுவது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவின் ரத்த அளவு. இந்த நோயாளியைப் பொறுத்தவரை அதை நம்பி உட்காரக் கூடாது என்பேன். பாதிப்பு தொடங்கி ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அது தெளிவாக ஏறும். முதல் நாள் அளவு சரியாக இருந்தால் "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

சி.கே. எனப்படும் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி எவ்வளவு தசை சிதைந்தது என்பதைக் காட்டும். சிறுநீரகத்தைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லாது. ஆனாலும் 5,000 யூனிட்டைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். ஒன்று முதல் மூன்று நாளில்தான் உச்சம் தொடும் என்பதால் ஒருமுறை பார்த்து நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆய்வகம் இயங்கும் ஊரில் என் தேர்வு இதுதான்.

ஆய்வகமே இடிந்து கிடக்கும் ஊரில்? சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டை. ஓரிரு நிமிடத்தில் முடிவு தெரியும். பட்டை 'ரத்தம்' என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் அவ்வளவாக இல்லையென்றால் அது மயோகுளோபினாக இருக்கலாம். குறையும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்தவருக்கு உண்மையான ரத்தமே கலந்திருக்கும். மயோகுளோபின் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும் என்பதால், தாமதமாகச் செய்த சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதி அடைய முடியாது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ஏறும் என்.ஜி.ஏ.எல். என்ற புரதம் கிரியேட்டினினை முந்தும். இதய அறுவை சிகிச்சை செய்த குழந்தைகளிடம் 2 மணி நேரத்திலேயே ஏறியதை 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் தொற்றும் அழற்சியும்கூட அதை ஏற்றிவிடும். நசுங்கிய காயத்தில் இரண்டும் இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் தகவலாக வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு, செலவே இல்லாத அளவுகோல் ஒன்று: சிறுநீர் வடிக்கும் குழாய் போட்டு மணிக்கு எத்தனை மில்லி வருகிறது, என்ன நிறம் என்று குறித்து வைப்பது. தேநீர் நிறம், அளவும் குறைகிறது என்றால் வேறு சான்று தேட வேண்டாம். கூடவே ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும், ஏனெனில் சிறுநீரகம் பழுதாகும் முன்பே பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடலாம்.

எந்தச் சோதனைக்காகவும் சலைனைத் தள்ளிப்போடக் கூடாது. ஆள் இடிபாட்டுக்குள் இருக்கும்போதே நரம்பில் ஏற்றத் தொடங்க வேண்டும், பெரியவர்களுக்கு மணிக்கு சுமார் 1 லிட்டர். பொட்டாசியம் கலந்த ரிங்கர் லாக்டேட் திரவம் வேண்டாம். 2003இல் துருக்கியின் பிங்கோல் நிலநடுக்கத்தில் இப்படிச் சீக்கிரமே தாராளமாகத் திரவம் பெற்ற 16 பேரில் 4 பேருக்குத்தான் டயாலிசிஸ் தேவைப்பட்டது.