மதுரையில் எத்தனை நாள், ஊரில் எத்தனை நாள்?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற வீடுகளில் டிக்கெட் போட்ட மறுநாளே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் இருப்பது மெல்போர்னில். மனைவிக்குப் பிறந்த வீடு மதுரை. எனக்கு உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமம், கம்பம் பள்ளத்தாக்கு. ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை டிசம்பர், ஜனவரியில் வருவதால் பிள்ளைகளோடு பொங்கலுக்கு ஊரில் இருக்க முடிகிறது. அது எங்களுக்கு வாய்த்த பெரிய கொடுப்பினை. ஆனால் நாட்களைப் பிரிப்பதில் சிக்கல் வருவதும் அந்தப் பொங்கலால்தான்.

பலர் செய்வது, மதுரையில் நல்ல ஹோட்டலாகப் பார்த்துத் தங்கிக்கொண்டு, ஒரு நாள் காலையில் கார் வைத்து ஊருக்குப் போய் மாலையில் திரும்புவது. இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மதுரையிலிருந்து எங்கள் ஊர் 100 கிலோமீட்டருக்கு மேல். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று போய்ச் சேரவே மதியமாகிவிடும். அத்தையும் சித்தியும் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று சமைத்திருப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் டிரைவர் மணியைப் பார்ப்பார். சொந்தக்காரர்கள் தோட்டத்திலிருந்து வீடு திரும்பும் நேரத்தில் நாம் ஆண்டிபட்டியைத் தாண்டிக்கொண்டிருப்போம். அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் வருவதற்கு இவ்வளவு தூரம் பறந்து வரவேண்டியதில்லை.

எந்த வேலை எந்த ஊரில் நடக்கும் என்று முதலில் எழுதிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எங்களுக்கு இந்த முறை முக்கியமான வேலை நிலம். அப்பா காலமான பிறகும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; கையெழுத்திடுவது வட்டாட்சியர். பட்டா மாறுதலும் தாலுகா ஆபீஸ் வழியாகத்தான். முழு நிலமும் அப்படியே பெயர் மாறுவதென்றால் வேகமாக முடியும். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்து உட்பிரிவு செய்வதென்றால் சர்வேயர் நேரில் வந்து அளந்தாக வேண்டும். அவர் வருகிற நாளில் நாமும் அங்கே இருந்தால் நல்லது. இதில் எதற்கும் மதுரையில் வேலையில்லை. எல்லாம் உத்தமபாளையத்திலும் எங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஆபீஸிலும்தான்.

பொங்கல் குறுக்கே வருவது இங்கேதான். ஜனவரி நடுவில் அரசு அலுவலகங்கள் தொடர்ந்து மூடியிருக்கும். சனி, ஞாயிறும் ஒட்டி வந்துவிட்டால் ஒரு வாரமே போய்விடும். அதனால் மதுரையில் பயணக் களைப்புத் தீர்ந்ததும் ஊருக்குப் போய், பொங்கலுக்கு முன்பே மனுக்களைப் போட்டுவிட்டோம். விடுமுறை நாட்களைச் சொந்தபந்தத்தோடு கழித்துவிட்டு, ஆபீஸ் திறந்ததும் போய் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்தோம். முதலில் மதுரை, நடுவில் நீளமாக ஊர், கடைசியில் கொஞ்சம் மதுரை. அடுத்த முறையும் இப்படித்தான் பிரிப்பேன்.

மனு போடும்போது இந்திய மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓடிபி வருகிறது. பணத்துக்கு, ஆஸ்திரேலியா உட்படச் சில நாடுகளின் எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ என்கிற, வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகளோடு சேர்த்து யுபிஐ பயன்படுத்த 2023-லேயே வழி செய்துவிட்டார்கள். பெட்டிக்கடை வரைக்கும் ஸ்கேன் செய்து கொடுத்தோம். கேஒய்சி புதுப்பிக்க மட்டும் கணக்கு இருந்த மதுரைக் கிளைக்குப் போகவேண்டியிருந்தது. ஒரே காகிதத்துக்கு மூன்று கவுண்டர்களில் நிற்க வைத்தார்கள். வயதான ஒரு அம்மா அதே வரிசையில் நின்றது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த மாதிரி வேலையை மதுரையில் இறங்கிய முதல் நாட்களிலேயே முடித்துவிட வேண்டும். கடைசி நாளுக்குத் தள்ளக்கூடாது.

அம்மாவுக்குக் கண் பரிசோதனை என்றாலே எங்கள் குடும்பத்தில் மதுரைதான் நினைவுக்கு வரும். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை தேனியிலும் வெகுகாலமாக இருக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்து பார்ப்பதற்கே அரை நாள் ஆகிவிடும். தேனியிலேயே பார்த்ததால் மருந்து போட்ட கண்ணோடு அம்மா மூன்று மணி நேரம் பயணப்படவேண்டி வரவில்லை. பெரிய வைத்தியம் எதுவானாலும் மதுரை என்று முடிவு செய்வதற்கு முன் தேனியில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

போக்குவரத்துதான் நாட்களையும் பணத்தையும் அதிகம் விழுங்குகிறது. 2010 இறுதியில் நின்றுபோன மதுரை–போடி ரயில், அகலப்பாதையாகி 2022-ல் தேனி வரைக்கும் 2023-ல் போடி வரைக்கும் வந்துவிட்டது. கணவாயைக் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆனால் பாசஞ்சர் வண்டி காலையில் மதுரையில் கிளம்பிப் போடி போய், மாலையில்தான் திரும்புகிறது. ஊரில் தங்கி, ஒரு வேலையாக மதுரை போய் வர நினைப்பவருக்கு அது ஒத்துவராது. அவருக்குப் பஸ்தான். மதுரையில் தேனிப் பக்கம் போகும் பஸ்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். மாட்டுத்தாவணியில் போய்த் தேடவேண்டாம்.

வாடகைக் கார் விஷயத்தில் ஒன்று. வெளியூர் வாடகையில் பல டிராவல்ஸ்காரர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். அதுபோக டிரைவர் பேட்டா தனி. மதுரைக் காரை ஊரில் நிறுத்தி வைத்தால் ஓடாத கிலோமீட்டருக்கும் பணம் போகும். ஊர் வரைக்கும் வந்ததும் அனுப்பிவிட்டு, அங்கே ஸ்டாண்டில் இருக்கும் காரையோ ஆட்டோவையோ எடுங்கள். தெரிந்த அண்ணன் ஓட்டுவார், நேரமும் அனுசரித்துத் தருவார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் அத்தைமார்கள் சின்னமனூர் சந்தைக்கு என் மகளைப் பஸ்ஸிலேயே கூட்டிப்போனார்கள். அவளுக்கு அதைவிடப் பிடித்த பயணம் வேறு இல்லை.

சொந்த வீட்டில் தங்க வசதியில்லாதவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் பதிவு செய்யவேண்டிய பொறுப்பு விடுதிக்காரருக்கு இருக்கிறது. சி ஃபாரம் என்று சொல்வது இந்தப் பதிவைத்தான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இதைக் கேட்பார்கள். சிறிய லாட்ஜ்கள் பல இதற்கு ஏற்பாடு செய்து வைத்திருப்பதில்லை. எங்களோடு வந்த நண்பர் குடும்பத்துக்கு முன்பே ரூம் போட்டிருந்த ஒரு விடுதியில், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இருட்டிய நேரம், தூங்கி வழிகிற குழந்தைகள். போனில் ரூம் கேட்கும்போதே, “ஃபாரின் பாஸ்போர்ட், சி ஃபாரம் போடுவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள்.

ஊரில் பிள்ளைகளுக்குப் பொழுது போகாது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: இரண்டாம் போக நெல், திராட்சைப் பந்தல், வாய்க்கால் தண்ணீர் என்று ஜனவரியில் பள்ளத்தாக்கே பச்சையாக இருக்கும். ஜனவரி 15 முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாள். அவருக்கு எங்கள் பக்கம் பொங்கல் வைக்கிறார்கள். 1895-ல் முடிந்த அந்த அணையின் தண்ணீர்தான் தாத்தா வயலுக்குப் பாய்ந்தது என்று லோயர் கேம்பில் இருக்கும் அவருடைய மணிமண்டபத்தில் நின்று சொன்னபோது என் மகன் கேட்ட கேள்விகளுக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து மலைப்பாதை. வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது, அதிகாலையில் கிளம்பிப் பகலிலேயே இறங்கிவிடுங்கள்.

மதுரையில் கடைசி நாட்கள் மீனாட்சி கோயிலுக்கும் கடைகளுக்கும்தான். கோயில் மதியம் 12.30-க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். போனை உள்ளே கொண்டுபோக முடியாது, வெளியே லாக்கரில் வைக்க வேண்டும். அதனால் குடும்பமாகப் போனால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். மனைவி வந்து இறங்கிய வாரமே துணியும் அளவும் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து திரும்பியதும் தைத்த துணியை வாங்கிக்கொண்டாள். ஒரு ரவிக்கைக்கு மட்டும் கை இறுக்கமாக இருந்தது. விமானத்துக்கு முன் இரண்டு நாள் கையில் இருந்ததால் அதையும் பிரித்துத் தைத்து வாங்க முடிந்தது.