டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பகடையும் பழியும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, கதையை நடத்திச் செல்லும் ஒருவர் (நடத்துநர்) விவரிக்கும் கற்பனை உலகில் மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தம் முயற்சிகளின் விளைவைப் பகடை உருட்டி அறியும் மேசை விளையாட்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974 இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014) கிளிநொச்சியில் நண்பர்களோடு விளையாடி வருகிறேன். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், இருபது முகப் பகடை அடங்கிய பகடைத் தொகுதியை மட்டும் வாங்கினால் போதும்.

நன்மை–தீமை, ஒழுங்கு–குழப்பம் என்ற இரு அச்சுகளில், ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒன்பது கட்டங்களுள் ஒன்றில் அமர்த்தும் முறையே இதன் மிகச் சுவையான பகுதி. மிகப் பலவீனமான பகுதியும் அதுவே. நடத்துநர் விரும்பினால் மாற்றலாம் என்றாலும், அப்பதிப்பு ஓர்க் என்ற கற்பனை அரக்க இனத்தைக் குழப்பமும் தீமையும் சேர்ந்த கட்டத்தில் வைக்கிறது. சரணடைந்த ஓர்க் சிறுவனை என்ன செய்வது என்று எங்கள் மேசையில் எழுந்த வாதம், பிறப்பாலேயே தீயதான உயிரை அதன் செயலுக்காகக் குற்றஞ்சாட்ட முடியுமா என்ற கேள்வியாக வளர்ந்து, அன்றைய சண்டைக் கட்டத்தையே விழுங்கிவிட்டது. (வன்னியில் வளர்ந்தவர்கள் சரணடைந்தவரின் கதியை வெறுங்கற்பனையாகக் கடந்துவிடுவதில்லை.)

முடிவு நம்முடையது, விளைவோ பகடையுடையது. நல்லெண்ணத்தோடு செய்த முயற்சி தவறித் துணைவன் இறந்தால் பழி யாருக்கென்று விதிநூல் சொல்வதில்லை. அதனை நான் குறையாகக் கருதவில்லை. நீண்ட மந்திரப் பட்டியல்தான் அலுப்பூட்டுகிறது. ஆங்கிலத்தைத் தடையின்றி வாசிப்பவர் ஒருவர் நடத்துநராக அமைவது நல்லது.