300 ஜி.எஸ்.எம். என்றார்கள், தராசு 210 என்றது

அப்பாவின் மணிவிழாவுக்கு அழைப்பிதழ் சிவகாசியில் அச்சாகி வந்துவிட்டது. அதில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனால் விழாவுக்கு முன்கூட்டியே வந்து, இலை போடுவது முதல் பந்தல் பிரிப்பது வரை கூட நிற்கும் சொந்தங்கள் 40 குடும்பம் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் என் கையால் செய்த நன்றி அட்டை கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முகப்பில் ஒரே ஒரு செம்பருத்தி, அம்மா தினமும் பூஜைக்குப் பறிக்கும் அடுக்கில்லாத சிவப்புப் பூ. காகிதத்தில் நீர்வண்ணம் தீட்டி, காய்ந்ததும் டை (பூ வடிவில் தாளை வெட்டும் உலோக அச்சு) வைத்து இதழ் இதழாக வெட்டி, உருண்டை முனைக் குச்சியால் லேசாகக் குழித்து ஒட்டினால் பூ அட்டையிலிருந்து எழுந்து நிற்கும். இரண்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கை பழகிய வேலைதான்.

ஏமாந்தது பொருள் வாங்கிய இடத்தில். சமூக ஊடகத்தில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு பக்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏன் என்று கடைசியில் தெரியும். "300 ஜி.எஸ்.எம்., 100 சதவீதம் பருத்தி, ஏ4, 20 தாள்" என்று போட்டு நீர்வண்ணத் தாள் 1,150 ரூபாய் (ஜி.எஸ்.எம். என்பது தாளின் கனத்தைச் சொல்லும் எண்). செம்பருத்தி டை தொகுப்பு 690 ரூபாய். மொத்தம் 1,840. சந்தேகப்படும்படி மலிவாக இருந்திருந்தால் விலகியிருப்பேன். தாள் ஒன்றுக்கு 57 ரூபாய் என்பது "நியாயமான விலை, கொஞ்சம் லாபம்" என்று நினைக்க வைக்கும் விலை. விற்ற பெண்ணும் "அக்கா, அக்கா" என்று அத்தனை அன்பாகப் பேசினாள். பணம் கடையின் கணக்குக்குப் போகவில்லை, தனிப்பட்ட ஒருவரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் போனது. பில் கேட்டேன். "பார்சலிலேயே வரும் அக்கா" என்றாள். வரவில்லை.

தாள் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே சொரசொரப்பு, வெளிர் நிறம். செம்பருத்தி இதழுக்கு நான் செய்வது இதுதான்: முதலில் இடத்தை வெறும் நீரால் நனைத்துவிட்டு, இதழின் அடிப்பகுதியில் அடர்சிவப்பை ஒரு சொட்டு வைப்பேன். நல்ல தாளில் அந்தச் சிவப்பு தானாகவே ஓரத்தை நோக்கிப் படர்ந்து, போகப் போக வெளிறி, உண்மையான பூவைப் போலவே அடங்கும். இந்தத் தாளில் சொட்டு விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மை ஒற்றும் தாளில் பட்ட மை மாதிரி உள்ளே இறங்கி, பின்பக்கம் சிவப்பாகத் தெரிந்தது. இரண்டாவது முறை தூரிகை போட்டதும் மேற்பரப்பு திரிதிரியாகச் சுருண்டு எழுந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், நனைந்த இடத்தில் அந்தச் சொரசொரப்பே இல்லை. உருளையில் அழுத்திப் பதித்த போலிக் கரடு அது, தண்ணீர் பட்டதும் படுத்துவிட்டது.

வேட்டிக்குக் கஞ்சி எப்படியோ, நீர்வண்ணத் தாளுக்கு சைசிங் அப்படி. ஜெலட்டின் போன்ற ஒரு பசையை உள்ளேயும் மேலேயும் ஏற்றியிருப்பார்கள். அதுதான் தண்ணீரை உடனே குடித்துவிடாமல் சற்று நேரம் மேலே நிறுத்தி வைக்கிறது. அந்த நேரத்துக்குள்தான் நம் வித்தை எல்லாம். கஞ்சி இல்லாத தாளில் யார் தீட்டினாலும் கறைதான் மிஞ்சும்.

என் தப்பும் இதில் உண்டு. முதல் தாள் கெட்டதும் நிறுத்தியிருக்க வேண்டும். என் தூரிகையில் தண்ணீர் அதிகமோ, வண்ணம் பழசோ என்று என்னையே குறை சொல்லிக்கொண்டு நான்கு தாளைக் கெடுத்தேன். அதற்குப் பிறகுதான் புத்தி வந்து மீதியை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ0 அளவுத் தாளின் பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டர். அதிலிருந்து 16 ஏ4 வரும். ஆக, 16 ஏ4 தாளைத் தராசில் வைத்தால் காட்டும் கிராம் எண்ணே ஜி.எஸ்.எம்.! கணக்கே போட வேண்டாம். 20 வாங்கி நான்கைக் கெடுத்த என்னிடம் மீதி இருந்தது சரியாக 16. அந்த மட்டில் அதிர்ஷ்டம்.

அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு, "பழைய பேப்பர்க்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார் அம்மா" என்றார். விவரம் சொன்னதும் தட்டைத் துடைத்துவிட்டு வைத்தார். 210 கிராம். தாளைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தோம். அதே 210.

ஒரு தாளைக் கிழித்தும் பார்த்தேன். பருத்தித் தாளைக் கிழித்தால் ஓரத்தில் நீளநீளமாக இழை தொங்கும். இது நோட்டுப் புத்தகத் தாள் போலச் சுத்தமாகக் கிழிந்தது.

இனி டை. படத்தில் கைநிறையப் பூ. விவரத்தில் "3 இஞ்ச்". வந்த பூ 4.5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு இஞ்ச்கூட இல்லை. கேட்டால், "3 இஞ்ச் என்பது இலை, தண்டு எல்லாம் சேர்த்த அளவு அக்கா" என்று பதில். நல்ல டையின் வெட்டு விளிம்பு விரல் நுனியில் தடவினாலே மேடாகத் தெரியும். இதில் மழுங்கலாக ஒரு கோடு. டை வெட்டும் இயந்திரத்தில் தட்டு, டை, தாள், தட்டு என்று அடுக்கிக் கைப்பிடியை மூன்று முறை சுற்றினால்தான் இதழ் பிரிந்தது. நடுவில் நீளும் மகரந்தத் தண்டு ஒரு முறைகூட முழுதாக வெட்டுப்படவில்லை. பதினோராவது பூவில் டையே வடாம் மாதிரி வளைந்துவிட்டது. பிறகு அந்தப் படத்தை வைத்து இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுக் கைவினைக்காரர் ஒருவர் வேறொரு டையால் செய்த அட்டையின் படம் அது.

புகார் சொன்னதும் "அக்கா" குறைந்து "மேடம்" ஆனது. வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் இதே வரிசையில்தான் வரும். முதலில், வெட்டிய, நனைத்த தாளைத் திரும்ப எடுக்க மாட்டோம். சரி, தொடாத மீதித் தாள்? கட்டு முழுதாக இருந்தால்தான். நீர்வண்ணத் தாளை நனைக்காமல் அது நீர்வண்ணத் தாளா என்று எப்படி அறிவது? அதற்குப் பதில் இல்லை. அடுத்து, இது கைக்காகிதம், கைத்தறி போலக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றார்கள். கைக்காகிதத்துக்கு ஓரம் பிசிறாக இருக்கும். இதன் நான்கு ஓரமும் கத்தி போட்டது போல நேராக இருந்தது. ஓரம் நறுக்கி விற்பவர்களும் உண்டு, எனவே அதை மட்டும் நான் பிடித்துக்கொள்ளவில்லை. கடைசியாக வந்தது, "சென்னையில் காற்றில் ஈரம் அதிகம், அதனால் எடை மாறும்." சிரித்துவிட்டேன். ஈரம் ஏறினால் தாள் கனக்கும், இளைக்காது! ஈரமான இடத்தில் நெடுநாள் கிடந்தால் சைசிங் கெட்டுப்போய் வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் 90 கிராம் எங்கே போயிற்று?

அந்தக் கேள்விக்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலேயே பேசலாம். தராசின் படம், பணம் செலுத்திய ரசீது, அவர்கள் போட்ட விளம்பரத்தின் படம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழைத்தேன். புகார் எண் கிடைத்ததும் அதைத் தங்கையின் கைபேசியிலிருந்து அவர்களுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் 600 ரூபாய் வந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். மீதிக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. விழா முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கினால் பிரிப்பதற்கு முன் காணொளி எடுங்கள். பிரித்ததும் தீட்ட உட்காராதீர்கள், முதலில் தராசு. பிறகு ஒரு தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர். சொட்டு முத்தாக நிற்காமல் உடனே மறைந்தால் அந்தக் கட்டை அப்படியே மூடிவிடுங்கள். அளவு கேட்கும்போது "பூ மட்டும் எத்தனை சென்டிமீட்டர்" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நான் பாரிமுனைக்குப் போய் காகிதக் கடைகள் உள்ள ஆண்டர்சன் தெருவில் ஏறி இறங்கினேன். இரண்டாவது கடையில் பெரியவர் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே ஒரு துண்டுத் தாளையும் தான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். "நனைத்துப் பார்த்துவிட்டு வாங்கு அம்மா." விலை கூடுதல்தான், பேரம் பேசவில்லை. டைக்கு நேரமில்லை. 40 பூ, 200 இதழ், கத்தரிக்கோலால் வெட்டினோம். தம்பி மனைவியும் நானும் மூன்று இரவு உட்கார்ந்தோம். ஒரு பூ போல இன்னொன்று இல்லை. சித்தி தன் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது நம் வீட்டுச் செடியில் காற்றடித்த பக்கத்துப் பூ" என்றார்.

பெயர் சொல்லாததற்குக் காரணம் இது. நேற்று அந்தப் பக்கத்தைத் தேடினேன், இல்லை. அதே செம்பருத்திப் படம் வேறொரு பெயரில், வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அதே "3 இஞ்ச்". விலையில் மட்டும் 100 ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.