மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்: சுவடே விடாமல் நின்றுபோகும் லினக்ஸ் டெஸ்க்டாப்

என் கணினியின் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பாகம்) மாற்றி ஆறு வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. "கடைக்கும் இதே மாதிரி ஒண்ணு அசெம்பிள் பண்ணி லினக்ஸ் போட்டுடலாமாடா?" என்று நண்பன் கேட்டிருக்கிறான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். 16 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி, உபுண்டு 22.04. மற்ற விவரங்களுக்கு இங்கே வேலை இல்லை. வேகத்திலோ அப்டேட்டிலோ பிரின்டரிலோ சொல்லும்படி ஒரு குறை கிடையாது. எழுத வேண்டியது ஹேங் ஆவதைப் பற்றி மட்டும்.

ஹேங் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உள்ளே இருப்பவை வெவ்வேறு நோய்கள். முதல் சோதனையாகப் பலரும் சொல்வது, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா பார் என்பது. அதை நம்ப வேண்டாம். வரைகலைத் திரையில் இருக்கும்போது அந்த விளக்கை மாற்றுவது டெஸ்க்டாப்தான், கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அல்ல. டெஸ்க்டாப் மட்டும் செத்துக் கர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்கு அசையாது. விளக்கு தானாகச் சிமிட்டினால் மட்டும் அர்த்தம் உண்டு, அது கர்னல் பேனிக், கர்னலே மீள முடியாமல் நின்றுவிட்டது. அதுவும் பழைய பிஎஸ்/2 கீபோர்டில்தான் பெரும்பாலும் தெரியும்.

உருப்படியான சோதனை வெளியிலிருந்து செய்வது. வேறு கருவியிலிருந்து இதற்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரை முன்கூட்டியே போட்டுவையுங்கள். நின்றவுடன் போனிலிருந்து பிங் (இருக்கிறாயா என்று நெட்வொர்க்கில் கேட்பது) கொடுங்கள், பிறகு எஸ்எஸ்எச் முயலுங்கள். இரண்டும் வேலை செய்தால் கோளாறு டெஸ்க்டாப்பிலோ கிராபிக்ஸ் டிரைவரிலோ இருக்கிறது. உள்ளே போய் டிஎம்எஸ்ஜி (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) பார்த்தால் பெரும்பாலும் காரணம் எழுதியே இருக்கும். பிங் வருகிறது, எஸ்எஸ்எச் மட்டும் தொங்குகிறது என்றால் கர்னல் உயிரோடுதான் இருக்கிறது. பிங்குக்குப் பதில் சொல்வது கர்னலே. மேலே ஓடும் நிரல்கள்தான் நினைவகத்துக்கோ வட்டுக்கோ காத்துக் கிடக்கின்றன. பிங்கும் இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டிய இடம்.

நினைவகப் பஞ்சத்தில் நிற்பதை அடையாளம் காண்பது சுலபம். வட்டு விளக்கு விடாமல் எரியும், மவுஸ் பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரு குதி குதிக்கும். ஸ்வாப்பே (ரேம் போதாதபோது வட்டில் ஒதுக்கும் இடம்) வைக்காவிட்டாலும் இது நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ரேம் நிறைந்ததும் கர்னல் ஓடும் நிரல்களின் குறியீட்டுப் பக்கங்களையே தூக்கி வெளியே போடுகிறது, அடுத்த கணமே வட்டிலிருந்து அவற்றைத் திரும்பப் படிக்கிறது. ஏதோ கொஞ்சம் இடம் கிடைத்துக்கொண்டே இருப்பதால் நினைவகம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லர் தலையிடாமல் நெடுநேரம் சும்மா இருக்கும். எர்லிஊம் என்ற சிறு நிரலை நிறுவினால் தீரும். காலி ரேமும் காலி ஸ்வாப்பும் 10 சதவீதத்துக்குக் கீழே போனதும், இருப்பதிலேயே பெரிய தீனிக்காரனை மூடச் சொல்லும். 5 சதவீதத்தில் கேட்காமலே கொன்றுவிடும்.

கையால் அதையே செய்ய ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். உபுண்டுவில் அழுத்திப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. இப்படிக் கர்னலுக்கே நேராகப் போகும் அவசரச் சாவிகளுக்கு சிஸ்ஆர்க்யூ என்று பெயர். எவை வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் கர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்பை 176 என்று வைத்து அனுப்புகிறார்கள். 128, 32, 16 மூன்றின் கூட்டல் அது: ரீபூட், வட்டைப் படிக்க மட்டும் ஆக்குவது, சிங்க் (எழுதக் காத்திருப்பதை வட்டில் இறக்குவது). நிரலைக் கொல்வதற்கான 64 அதில் இல்லை. 244 ஆக்கினால் அதுவும் கீபோர்டை மீட்கும் 4-ம் சேர்ந்துகொள்ளும். அவசரத்துக்கு வேண்டிய சாவியைப் பூட்டிவைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என்னை மூன்று வருடம் பாடாய்ப் படுத்தியது வேறு வகை. பிங் இல்லை, சிஸ்ஆர்க்யூ இல்லை, ஃபேன் மட்டும் சுற்றும், திரையில் கடிகாரம் 2:47-லேயே நிற்கும். ரீசெட் செய்து, ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் பதிவைத் திறந்தால் 2:43-க்கு ஒரு சாதாரண வரி, அதோடு முடிந்தது. வேண்டிய அந்த நான்கு நிமிடம் எங்கே? பதிவை எழுதும் ஜர்னல்டி சாதாரணச் செய்திகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதிசெய்கிறது. கிரிட்டிக்கல் என்ற அவசர நிலையும் அதற்கு மேலும் உள்ளவை மட்டுமே உடனுக்குடன் இறங்கும். திடீரென்று நிற்கும் இயந்திரத்தில் கடைசி நிமிடங்களே போய்விட்டால் அந்தப் பதிவை வைத்து என்ன செய்வது? ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் சிங்க்இன்டர்வல்செக் மதிப்பை 10 விநாடி ஆக்குங்கள். ஹேங் வந்த பிறகு அல்ல, இன்றைக்கே.

அதுவும் போதாத இடம் உண்டு. எஸ்எஸ்டியே ஆழ்ந்த மின்சேமிப்புக்குப் போய்த் திரும்பி வராவிட்டால் எழுத இடமே இருக்காது. அதற்குத்தான் நெட்கன்சோல். கர்னல் செய்திகளை யுடிபி வழியாக, கேபிளில் இணைத்த இன்னொரு கணினிக்கு நேராக அனுப்பும். அங்கே 6666 போர்ட்டில் வருவதைக் கேட்கும் என்சி நிரல் ஓடினால் போதும். அனுப்பும் பக்கம், எவ்வளவு செய்திகள் வெளியே போகும் என்பதைத் தீர்மானிக்கும் டிஎம்எஸ்ஜி நிலையை 8 ஆக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் பாதி வராது. என்விஎம்இ கன்ட்ரோலர் டவுன் என்று அங்கே வரி வந்தால் குற்றவாளி எஸ்எஸ்டி. என்எம்ஐ வாட்ச்டாக் (செயலி சிக்கியதா என்று பார்க்கும் காவல்) இயங்கும் நிலையில், இன்டரப்ட்களை (வன்பொருளின் அழைப்புகளை) அணைத்தபடி கர்னல் சுழலில் மாட்டினால் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் ஹார்ட் லாக்கப் என்று வரும். ஒன்றுமே வரவில்லையா? அந்த மௌனமும் சாட்சிதான். பெரும்பாலும் செயலியே நின்றுவிட்டது, லினக்ஸைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, எப்போது நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க கம்பைல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. சும்மா விட்டுவிட்டு டீ குடித்து வந்தால் நின்றிருக்கும். வேலையில் நிற்காமல் ஓய்வில் நிற்பது மின்சாரத்தைக் காட்டும் அடையாளம். 2013-ல் இன்டெலின் ஹாஸ்வெல் செயலி வந்தபோதே இது பேசப்பட்டது. சி6, சி7 எனும் ஆழ்ந்த உறக்கத்தில் செயலி 12 வோல்ட் வழியில் இழுக்கும் மின்னோட்டம் 0.05 ஆம்பியர் வரை இறங்கலாம். அதற்கு முந்தைய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் வரையறையில் குறைந்தபட்சச் சுமை 0.5 ஆம்பியர். பழைய வடிவமைப்பு எஸ்எம்பிஎஸ் அவ்வளவு சிறிய சுமையில் மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்துவைக்கத் தடுமாறும். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எத்தனை வாட் என்று அச்சடித்திருந்தாலும் இந்தக் குறை அதில் தெரியாது.

சோதிக்க முதலில் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு) அணைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நான்கு சுற்று ஓட்டுங்கள். 6-ஆம் பதிப்பிலிருந்து, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐயிலும் ஓடும். ஒரு பிழை வந்தாலும் ரேமைத் தூக்கிப் போடுங்கள். சுத்தமாக இருந்தால் சி6 உறக்கத்தை அணைத்துப் பாருங்கள். ஹேங் ஆவது நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டு சி6-ஐத் திரும்ப இயக்குங்கள். அப்படியும் நன்றாக ஓடினால் எஸ்எம்பிஎஸ்தான். மறுபடி நின்றால் போர்டோ செயலியோ.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். சராசரியாக வாரம் ஒருமுறை நிற்கும் பெட்டி, எதையும் தொடாமலே மூன்று வாரம் ஓடிவிட நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு இருக்கிறது. நான்கு நாள் நிற்காததைப் பார்த்து, கர்னல் மாற்றியதும் சரியாகிவிட்டது என்று எழுதுவதால் அடுத்தவருக்கும் வீண் அலைச்சல்.

இவ்வளவையும் உள்ளே திறந்து பார்க்க விடும் சிஸ்டம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இதை என் மேசையிலிருந்து எடுக்க மாட்டேன். ஆனால் உன் கடைக்கு வேண்டாம்டா. பில் போடும்போது நின்றால் அங்கே நெட்கன்சோல் பார்க்க யார் இருக்கிறார்கள்? மூன்று வருட எரிச்சல் இன்னும் தணியவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் காசு மிச்சம் பிடிக்காதே, எக்ஸ்எம்பியைத் தொடாதே. எர்லிஊம், 244, 10 விநாடி, மூன்றையும் பெட்டி கடைக்குப் போகும் முன்பே நானே வந்து போட்டுத் தருகிறேன்.