மூன்று நாள் துப்பாக்கியையே தொட விடவில்லை: ஷூட்டிங் பயிற்சி, நாலு மாத அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்தில், தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு பழைய கிட்டங்கியில் நடக்கிற துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு என் மகளை நாலு மாதமாகக் கூட்டிப் போகிறேன். இரண்டாவது மாதத்திலிருந்து நானும் சேர்ந்துவிட்டேன், சும்மா வாசலில் உட்கார்ந்து போன் பார்ப்பதற்கு அதுவாவது செய்யலாமே என்று. பிள்ளையை நம்பி விடலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இடத்தின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நடத்துகிறவர் நல்ல மனிதர், அவர் பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு இந்தப் பைத்தியம். அதே ஒலிம்பிக்கில் நம் பக்கத்துப் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் ட்ராப் பிரிவில் சுட்டார் என்று தெரிந்ததும், "அப்பச்சி, அவங்க ஊரு இங்கேருந்து ஒரு மணி நேரம்தானே" என்று என்னிடம் ஆரம்பித்துவிட்டாள் (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா, தாத்தாவை ஐயா என்போம்). ட்ராப் என்பது பறக்கிற களிமண் தட்டை ஷாட்கன்னால் அடிப்பது, நாங்கள் போவது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி, இரண்டும் வேறு வேறு என்று விளக்கியே அலுத்துப் போனேன்.

வீட்டில் என் ஆத்தாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கள் ஐயா ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், முடிந்ததும் போய்த் திருப்பி வாங்கி வருவார். ஐயா போனபிறகு என் அப்பச்சி லைசன்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளவில்லை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். "போன சனியனைத் திரும்பக் கூட்டிட்டு வர்றியா" என்பது ஆத்தாவின் வாதம். காற்றுத் துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டு வரப் போவதில்லை, எல்லாம் அங்கேயே பூட்டி வைப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்கினார்கள்.

இதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கோடை முகாமுக்குப் போனோம், ஒரே நாள்தான். உள்ளே போன பத்தாவது நிமிஷம் எல்லாப் பிள்ளைகள் கையிலும் துப்பாக்கி. ஒரு பையன் குண்டு உள்ளே போகவில்லை என்று காட்ட, துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே பின்னால் திரும்பி "அண்ணே, இது சிக்கிக்கிச்சு" என்கிறான். குழல் வரிசையாக நின்ற எட்டுப் பேரின் வயிற்றுக்கு நேரே ஒரு அரை வட்டம் போட்டது. அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து சரி செய்து கொடுத்தார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன், கட்டிய பணத்தைக் கேட்கக்கூட இல்லை.

அதனால் ரஸ்தா பக்கத்து ஆளிடம் முதல் நாளே நான் கேட்டது ஒரே கேள்வி, பிள்ளை கையில் துப்பாக்கியை எப்போது கொடுப்பீர்கள். "நாலாவது நாள்" என்றார். முதல் நாள் தரையில் போட்ட கோடு, கோட்டைத் தாண்டினால் என்ன, லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்று கத்தினால் என்ன செய்வது, இவ்வளவுதான். இரண்டாம் நாள் ஒரு ஆரஞ்சு நிற நைலான் கயிறு. அதைக் குழல் முழுக்க நுழைத்து இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் உள்ளே குண்டு இல்லை என்பது தூரத்தில் நிற்பவனுக்கும் தெரியும், சுடும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அது உள்ளேயே இருக்க வேண்டும். மூன்றாம் நாள் விரல். குறி பார்த்து முடிகிறவரை ட்ரிகரில் விரல் போகக் கூடாது, வெறும் துப்பாக்கியாக இருந்தாலும் குழல் டார்கெட் பக்கம் தவிர வேறெங்கும் பார்க்கக் கூடாது. பேப்பர் டார்கெட்டை மாற்றப் போகும்போது எல்லாரும் துப்பாக்கியை மேஜையில் வைத்து, கயிற்றைப் போட்டு, இரண்டடி பின்னால் வந்தபிறகுதான் ஒரு ஆள் கோட்டைத் தாண்டுவார். ஒரு தகப்பனார் மூன்றாம் நாளே சண்டைக்கு வந்துவிட்டார், மூணு நாள் காசு தண்டம் என்று. என்னைக் கேட்டால் கட்டின பணத்தில் முக்கால்வாசி அந்த மூன்று நாளிலேயே வசூலாகிவிட்டது.

நான் காரைக்குடியில் கேஸ் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவன். எந்த சிலிண்டரைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். வீட்டு சிலிண்டரில் கைப்பிடிக்குக் கீழே A-26, C-27 என்று எழுதியிருக்கும் இல்லையா, அது அடுத்த சோதனை எப்போது என்பது. A என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், C என்றால் ஜூலையிலிருந்து செப்டம்பர். காற்றுத் துப்பாக்கியிலும் குழலுக்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த சிலிண்டருக்கும் ஆயுசு உண்டு, போட்டித் துப்பாக்கிகளில் பொதுவாகப் பத்து வருஷம், தேதியை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். பெரிய போட்டிகளில் தேதி தாண்டிய சிலிண்டரோடு போனால் பிரச்சினை ஆகும், அதைச் சரிபார்ப்பது சுடுகிறவன் பொறுப்பு.

இங்கே ஆறு துப்பாக்கி இருக்கிறது, ஐந்து சரியாக இருந்தது. ஆறாவதில் 2013 என்று இருந்தது, அதை ஒரு பொடியன் கன்னத்தில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். கோச்சிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். முகம் மாறியது, ஆனால் சண்டை போடவில்லை. "பழசா வாங்கினதுங்கண்ணே, பார்க்கணும்னு நினைச்சு விட்டுப்போச்சு" என்றார். அன்றே காற்றை இறக்கி அலமாரியில் வைத்துவிட்டார், மூன்று வாரம் கழித்துப் புது சிலிண்டரோடு வந்தது. குழல் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறவருக்கு இது கண்ணில் படாமல் போனது எனக்கு இன்னும் உறுத்தல்தான். நீங்கள் எந்த ஊரில் எந்த இடத்துக்குப் போனாலும் சிலிண்டரைத் திருப்பி தேதியைப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, குண்டு ஈயம். சின்னதாக, இடை சிறுத்து, தலை தட்டையாக இருக்கும், 4.5 மில்லிமீட்டர். நாற்பது குண்டு கையால் எடுத்துப் போட்டால் விரல் சாம்பல் நிறமாகிவிடும். அந்த விரலோடு பிள்ளைகள் டப்பாவில் இருந்து சீப்புச் சீடையை எடுத்துத் தின்னப் போவார்கள், அங்கேதான் இவர் மறிப்பார். உள்ளே தின்பண்டம் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் வெளியே போகக் கூடாது. சோப்பு தீர்ந்துபோன ஒரு நாள் வகுப்பைக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு கடைக்கு ஆள் அனுப்பினார், அது எனக்குப் பிடித்தது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். சேரும்போது 2000, மாதம் 2500, வாரத்துக்கு மூன்று நாள். குண்டு தனி, 500 குண்டு ஒரு டப்பா, நான் வாங்குவது 700 ரூபாய், ஒரு மாதம் ஓடும். கேன்வாஸ் ஜாக்கெட், பேன்ட் எல்லாம் அங்கேயே பழசு இருக்கிறது, அளவு பொருந்தினால் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டுப் போட்டி ரைபிள் வாங்குவதென்றால் இரண்டு லட்சத்துக்கு மேல். நான் ஆசையில் விசாரித்தபோது கோச்சே தடுத்துவிட்டார், ஒரு வருஷம் இருந்து பிள்ளைக்கு ஆர்வம் நிற்கிறதா பாருங்கள் என்று. விற்றால் கமிஷன் கிடைக்கும் ஆள் இப்படிச் சொல்வது அபூர்வம்.

பலன் என்ன என்றால், ரைபிள் டார்கெட்டில் பத்து மதிப்பெண் வட்டம் அரை மில்லிமீட்டர், பேனாவால் வைத்த புள்ளி மாதிரி. பத்து மீட்டர் தள்ளி நின்று அதை அடிக்க வேண்டும், ஐந்து கிலோ சொச்சம் கனத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. போட்டியில் இப்படி 60 குண்டு, ஒன்றே கால் மணி நேரம். மகளுக்கு இரண்டாம் மாதம் வரை கருப்பு வட்டத்துக்குள்ளேயே போகவில்லை, அழுதாள். இப்போது எட்டு, ஒன்பது விழுகிறது. வீட்டில் குதியாட்டம் குறைந்திருக்கிறது என்று ஆத்தாவே சொல்கிறார்கள். நான் பிஸ்டல், ஒற்றைக் கையில்தான் பிடிக்க வேண்டும், பதினைந்தாவது குண்டில் தோள் நடுங்க ஆரம்பித்துவிடும், என் மதிப்பெண்ணை இங்கே எழுத மாட்டேன்.

லைசன்ஸ் எடுக்கலாம் என்ற நினைப்பில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 ஆயுத விதிகளுக்குப் பிறகு லைசன்ஸுக்கு விண்ணப்பிக்க ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதை அங்கீகாரம் உள்ள பயிற்சியாளர் தர வேண்டும், இந்த மாதிரி காற்றுத் துப்பாக்கி வகுப்பில் கொடுக்கிற பச்சைக் காகிதம் அதற்கு ஆகாது. இங்கே அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சில இடங்களில் சொல்வதில்லை.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஏர்கன் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று என் மச்சினர் கேட்டார். வாங்கலாம், 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் இருந்தால் லைசன்ஸே வேண்டாம். அதனால்தான் எனக்குப் பயம். லைசன்ஸ் வேண்டாம் என்றதும் பொம்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள், கண்ணில் பட்டால் கண் போகும். அப்புறம் கண்மாய்க் கரையில் நின்று கொக்கைச் சுடுவான், அது வனத்துறைக் கேஸ். நம் வேட்டங்குடியிலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் பறவைக்குப் பயந்து தீபாவளிக்கு வெடியே போடாமல் இருக்கிறார்கள், அந்தச் சீமையில் இருந்துகொண்டு என் பிள்ளை கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

குறை என்று பார்த்தால், சூடு. கிட்டங்கிக்குத் தகரக் கூரை, கத்தரி வெயிலில் அந்தத் தோல் வைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் வேகிவிடும். ஃபேன் போட்டால் பேப்பர் ஆடுகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கரன்ட் போனால் டார்கெட் விளக்குக்கு இன்வர்ட்டர் உண்டு, ஆட்களுக்குக் கிடையாது.

அதைவிடப் பெரிய குறை ஞாயிற்றுக்கிழமை. அன்று பத்துக் குண்டு நூறு ரூபாய் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விடுகிறார்கள். செட்டிநாட்டுப் பங்களா பார்க்க வரும் ஆட்கள், கல்யாணத்துக்கு வந்த வெளியூர்ப் பையன்கள். வாடகை கட்ட வேண்டுமே என்கிறார், புரிகிறது. ஆனால் மூன்று நாள் பாடம் அன்றைக்கு மூன்று நிமிஷமாகிவிடுகிறது. போன மாதம் ஒருத்தன் போட்டோவுக்காகத் துப்பாக்கியோடு பின்னால் திரும்பப் போனான், கோச் பாய்ந்து குழலைப் பிடித்துக் கீழே அழுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பினார். சரியாகத்தான் செய்தார். ஆனால் அவர் ஒருத்தர்தான் இருந்தார், அந்தப் பக்கம் ஆறு பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு ஆள் போடுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன், பார்க்கலாம் என்கிறார்.

அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன், செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளை அனுப்புவதில்லை. சேர்கிறவர்கள் காலை ஆறரை பேட்ச் கேளுங்கள், தகரம் சூடாவதற்குள் முடிந்துவிடும்.